மலைக் காய்ச்சலிலிருந்து மருந்தடி வரை



மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, நீங்க ஹிஸ்டரி படிச்சவரு. ஊரைப் பத்தி வரலாறா ஒரு கட்டுரை குடுங்க. ஜமீன் கதையும் ரயில் கதையும் வேண்டாம், அதை வேற ஆளுக எழுதுறாங்க" என்றார். ஜமீனையும் ரயிலையும் எடுத்துவிட்டால் போடிநாயக்கனூரில் மிச்சம் என்ன இருக்கிறது? ஏலக்காயும் காய்ச்சலும்தான். ஏலக்காயைப் பற்றி எழுத என்னைவிட விவரமானவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த காய்ச்சலை எடுத்துக் கொண்டேன்.

பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இரண்டு வருஷம் சுற்றினேன். பிறகு காந்திகிராமத்தில் சுகாதார ஆய்வாளர் பயிற்சி பெற்று, இந்த மலையடிவாரத்து ஊர்களிலேயே முப்பது வருஷத்தை ஓட்டியவன் நான். நம் செட் நண்பர்கள் வைத்த பெயர் 'கொசு இன்ஸ்பெக்டர்'. அந்தப் பெயருக்கு இப்போது வருத்தமில்லை. ஏனென்றால், நம் வகுப்பில் படித்த வரலாறு முழுக்க ராஜாக்கள் எதற்குச் சண்டை போட்டார்கள் என்பது. வேலையில் நான் படித்தது, ஜனங்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், எதற்குப் பயப்படுவதில்லை என்பது. அதுவும் ஒரு வரலாறுதானே!

மலைத் தண்ணியும் மலைக் காத்தும்

என் பாட்டி சொல்லுவாள்: "மேல ஏறுனா ஏறிப்புடு. கீழ எறங்குனா எறங்கிப்புடு. அடிவாரத்துல மட்டும் ராத் தங்காத." மலைக் காய்ச்சல் வருவது மலைத் தண்ணியால், மலைக் காத்தால் என்பது அவள் தலைமுறையின் நம்பிக்கை. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து வருவதால் 'முறைக் காய்ச்சல்'. பல் கிடுகிடுவென்று ஆடுவதால் 'குளிர் ஜுரம்'. பலமுறை வந்து மண்ணீரல் வீங்கிப் போனவனை 'வயித்துல கட்டி உள்ளவன்' என்பார்கள்.

பாட்டியைப் பாமரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். படித்த வெள்ளைக்காரனும் அப்படித்தான் நினைத்தான். 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர், அனாபிலஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்ட பிறகுதான் காற்றின்மேல் இருந்த பழி நீங்கத் தொடங்கியது.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டி சொன்ன காரணம் தப்பு. அவள் சொன்ன இடமும் நேரமும் சரி! மலைப் பகுதியில் மலேரியாவைப் பரப்பும் கொசு, புல் அடர்ந்த ஓடைக் கரைகளில் மெல்ல ஓடும் தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. கடிப்பது இரவில். குளிர் மிகுந்த உச்சிமலையைவிட அடிவாரத்து ஓடைப் பக்கம்தான் அதற்குச் சௌகரியம். மைக்ராஸ்கோப் இல்லாமலேயே எத்தனையோ சாவுகளைப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கை நாங்கள் பயிற்சியில் 'மூடநம்பிக்கை' என்ற தலைப்பில் படித்தோம். இப்போது அதற்காக வெட்கப்படுகிறேன்.

அணை கட்டப் போனவர்கள்

இவ்வளவு தெரிந்தும் ஏன் மலைக்குப் போனார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் பெரியாறு அணையில் இருக்கிறது.

அணை வேலை 1887-ல் தொடங்கியது. 1895 அக்டோபரில் தண்ணீர் திறந்தார்கள். பென்னிகுவிக்கை நமக்கெல்லாம் தெரியும். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது, நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைக்கிறார்கள். அதே அணைக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வேலை நடந்த காலத்தில் நோயில் இறந்தவர்கள் 483 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். மலேரியாவும் காலராவும் தின்றது போக மிஞ்சியவர்கள் கட்டிய அணை அது. சாராயம் குடித்தால் ஜுரம் அண்டாது என்று குடித்தவர்களும் உண்டு. வேலை வாங்கியவர்களிலும் அதை நம்பியவர்கள் இருந்தார்கள்.

இது தெரியாமலா கூலிக்காரன் போனான்? 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் நடந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. கண்ணெதிரே பட்டினிச் சாவைப் பார்த்த தலைமுறை அது. சமவெளியில் பசி நிச்சயம். மலையில் ஜுரம் சந்தேகம். நிச்சயத்துக்கும் சந்தேகத்துக்கும் நடுவில் நின்றவன் சந்தேகத்தைத் தேர்ந்தெடுத்தான். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏல மலைக்கு ஏறியவர்களின் கதையும் இதேதான். என் தாத்தா காய் எடுப்புக் காலத்தில் சாக்கும் கம்பளியும் சுமந்து நடந்தே ஏறியவர். திரும்பி வரும்போது கையில் கொஞ்சம் காசு, உடம்பில் கொஞ்சம் காய்ச்சல். "மலைன்னா காய்ச்சல் இருக்கத்தான் செய்யும்" என்பது வீட்டில் பழமொழி மாதிரி. வெயிலில் போனால் வேர்க்கும் என்று சொல்வது போலத்தான் சொன்னார்கள்.

கொயினாவின் கசப்பு

மருந்து இல்லாமல் இல்லை. பெரு நாட்டு சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-லேயே பிரெஞ்சு வேதியியலாளர்கள் குயினைனைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். 1860-களில் நீலகிரியில் சிங்கோனா பயிராகி, நடுவட்டத்தில் மருந்து தயாரித்தார்கள். பின்னாளில் தபாலாபீஸிலேயே காசுப் பொட்டலமாகக் கிடைத்தது.

ஆனாலும் 'கொயினா' என்றால் நம் ஆட்களுக்கு ஜுரத்தைவிட அதிக பயம். வாயெல்லாம் கசப்பு. காதில் குய்யென்று இரைச்சல். 'சூடு' என்று கர்ப்பிணிகள் தொடமாட்டார்கள். நிலவேம்புக் கஷாயமும் அதே அளவு கசப்புதான், ஆனால் அதை அம்மா காய்ச்சிக் கொடுத்தாள். கொயினாவைச் சர்க்கார் கொடுத்தது. கொடுக்கிற கையைப் பார்த்துத்தான் மருந்தை நம்புகிறார்கள் என்பது என் முப்பது வருஷப் பாடம்.

எலி விழுந்த ஊர்

இப்போது மறுபக்கம். காய்ச்சலுக்கு அசையாத ஜனங்கள் ஊரையே காலி செய்து ஓடிய நோய் ஒன்று உண்டு. அது பிளேக்.

1896-ல் பம்பாயில் இறங்கிய பிளேக், பல வருஷம் கழித்து நம் கம்பம் பள்ளத்தாக்குக்கும் வந்து வேரூன்றியது. இங்கே அது எப்படி நிலைத்து நின்றது என்று ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1934-ல் கட்டுரை வெளியிடும் அளவுக்கு அது பிரசித்தம்! எலித் தெள்ளு தானிய மூட்டையோடு பயணம் செய்யும். வண்டிப் பாரம் போகிற பாதையெல்லாம் நோயின் பாதை.

கூரையிலிருந்து எலி விழுந்து செத்தால் வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டில் குடிசை போட்டுக் கிடந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் 'பிளேக் மாரியம்மன்' என்றே கோயில்கள் இருக்கின்றன. மலேரியாவுக்கு அப்படி ஒரு மாரியம்மன் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. யோசித்துப் பாருங்கள், மொத்தக் கணக்கில் நம் மலையடிவாரத்தில் அதிக உயிரை அரித்தது முறைக் காய்ச்சல்தான். ஆனால் கோயில் கட்டிக் கும்பிட்டது பிளேக்குக்கு. ஏன்? பிளேக் புதுசு, திடீரென்று வரும், மூன்று நாளில் ஆளை முடிக்கும், பணக்காரன் வீட்டு எலியும் விழும். முறைக் காய்ச்சல் வருஷா வருஷம் வரும் மாமன் மச்சான் மாதிரி. வேலைக்குப் போகிறவனுக்குத்தான் வரும்.

1994-ல் சூரத்தில் பிளேக் என்ற செய்தி வந்ததும் லட்சக்கணக்கான பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். எங்களுக்கும் உத்தரவு வந்தது, எங்காவது எலி செத்துக் கிடக்கிறதா பாருங்கள் என்று. போடி பஜாரில் என்னைப் பார்த்தவரெல்லாம் "சார், இங்கயும் வந்துருச்சா?" என்று கேட்டார்கள். அதற்கு முன் பத்து வருஷமாக அதே பஜாரில் மலேரியாவுக்கு நோட்டீஸ் கொடுத்தவன் நான். ஒருவர்கூட நின்று கேட்டதில்லை.

சுவரில் எழுதிய தேதி

1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் மரணம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். டி.டி.டி. அடித்து அடித்து 1965-ல் நோயாளிகள் சுமார் ஒரு லட்சம் என்ற அளவுக்குக் கொண்டு வந்தார்கள். உலகமே மெச்சிய சாதனை. அப்புறம் கை தளர்ந்தது. மருந்துக்குக் கொசு பழகிப் போனது, பணமும் கவனமும் வேறு பக்கம் போயின. 1976-ல் 64 லட்சம்!

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கணக்கை மனப்பாடமாக ஒப்பிப்பேன். கேட்க ஆளில்லை. மருந்து அடிக்கப் போனால் வீட்டைப் பூட்டிக் கொள்வார்கள். "கொசு செத்துச்சோ இல்லையோ, மூட்டப்பூச்சி கூடிப் போச்சு, போங்க தம்பி" என்பார்கள். அடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுதினால் மறுநாளே அதன்மேல் சுண்ணாம்பு. விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மாத்திரையை முழுசாகச் சாப்பிட மாட்டார்கள். ஜுரம் விட்டதும் மிச்ச மாத்திரையை அடுத்த ஆளுக்கு என்று முடிந்து வைப்பார்கள். ஒருவகை மலேரியாக் கிருமி ஈரலுக்குள் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்து மறுபடி வரும் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

"படிக்காத ஜனம்" என்று அப்போது கோபப்பட்டேன். பிறகுதான் உறைத்தது, 1965-க்குப் பிறகு நாடே செய்தது அதைத்தானே! ஜுரம் விட்டதும் மாத்திரையை நிறுத்தினோம். தனி மனுஷனும் சர்க்காரும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி.

அண்ணன் மேல் வந்த வாசம்

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

என் உடன்பிறந்த அண்ணன் பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு நிறுத்திவிட்டு மலைக்குப் போனவர். என் காலேஜ் பீஸில் பாதி அவர் கூலிதான். 1990-களுக்குப் பிறகு ஏலத் தோட்டங்கள் மாறின. கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஞள்ளானி ரகம் பரவியது. காய்ப்பு பலமடங்கு. கூடவே இலைப்பேனுக்கும் காய்த்துளைப்பானுக்கும் மருந்தடியும் கூடியது. வருஷத்துக்குப் பத்து, பதினைந்து தடவைகூட அடிக்கிற தோட்டங்கள் உண்டு. மருந்தடிக்குக் கூலி கொஞ்சம் சேர்த்துக் கிடைக்கும். அண்ணன் மருந்தடி ஆளானார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜீப் வந்து நின்றால், அண்ணன் உள்ளே வருவதற்கு முன் அந்த வாசம் வரும். அம்மா மோர் கொண்டு வந்து கொடுப்பாள், 'விஷத்தை முறிக்கும்' என்று. சட்டையை எங்கள் துணிகளோடு சேர்த்துத்தான் ஊறப் போடுவாள். ஒருநாள் கேட்டேன், "ஏண்ணே, முகத்துக்கு ஒண்ணும் கட்டுறதில்லையா?" அவர் சொன்னார்: "துண்டு கட்டுவேன்டா. வாசம் வராது. வாசம் வரலைன்னா ஒண்ணும் செய்யாது."

நண்பர்களே, பாட்டியின் மலைக் காத்து திரும்பி வந்துவிட்டது பார்த்தீர்களா! ஆபத்து காற்றில் இருக்கிறது, மூக்கை மூடினால் போதும் என்ற அதே எண்ணம். உண்மையில் இந்த மருந்துகள் பெரும்பாலும் உடம்பில் ஏறுவது தோல் வழியாக. கலக்குகிற கை, ஹோஸ் ஒழுகி நனைகிற முதுகு, மாற்றாமல் நாள் முழுக்கப் போட்டிருக்கும் சட்டை. நனைந்த துண்டு மருந்தை வாயோடு சேர்த்துப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பாட்டி இடத்தையும் நேரத்தையுமாவது சரியாகச் சொன்னாள். இந்த ஆபத்து தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியதல்ல என்பதால் நமக்கு அந்த அறிவும் இல்லை.

சுகாதார ஆய்வாளனான நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. என் பையில் ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கக் கண்ணாடித் தகடு இருந்தது. என் ரெஜிஸ்டரில் காய்ச்சலுக்குப் பத்தி இருந்தது. மருந்தடிக்குப் பத்தி இல்லை. பத்தி இல்லாததை நான் ஆபத்து என்றே நினைக்கவில்லை. "பாத்துப் போண்ணே" என்றதோடு சரி. அவர் சொன்ன பதில் எங்கள் தாத்தாவின் பதில்தான்: "மலைன்னா மருந்து இருக்கத்தான் செய்யும்."

அண்ணனுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. கை நடுங்குகிறது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். இது மருந்தடியால் வந்ததென்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல முடியாது. வயதாலும் வரும், வேறு காரணத்தாலும் வரும். ஆனால் இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்கு வேண்டிய கணக்கை யாருமே எழுதி வைக்கவில்லை.

அளவு யாருக்கு?

ஒரு செய்தியை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். 2018 வாக்கில் சவூதி அரேபியா, பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொல்லி இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பியது. போடி மார்க்கெட்டே கலங்கிப் போனது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் எச்சம் அதிகம் என்று கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் முடங்கின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

தின்கிறவர் உடம்பைப் பற்றிய அக்கறை நியாயமே. ஒரு கிலோ காயில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அளக்க லேப் இருக்கிறது. மீறினால் சரக்கு திரும்பும். அந்தக் காய்க்கு மருந்து அடித்த ஆளின் ரத்தத்தை யார் அளந்தார்கள்? கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான் தெளித்த கதை, குழந்தைகளின் படங்கள் வெளிவந்த பிறகல்லவா நாடு முழுக்கத் தெரிந்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது 2011-ல். மருந்து கையாளும் ஆளுக்குக் கையுறை, முகமூடி வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளிலேயே எழுதினார்கள். கால் ஏக்கர், அரை ஏக்கர் தோட்டத்தில் அதை யார் போய்ப் பார்த்தார்கள்?

2020-ல் கொரோனா வந்தபோது போடிமெட்டு செக்போஸ்ட் மூடப்பட்டது. ஏலக்காய் ஏலமும் சுமார் இரண்டு மாதம் நின்றது. ஜனங்கள் கொரோனாவைவிட அடுப்பு எரியாததற்குத்தான் அதிகம் பயந்தார்கள். அணை கட்டியவர்கள் போட்ட அதே கணக்கு. தெருவில் முகக்கவசம் போடாதவனுக்கு அபராதம். நம் அண்ணன் தம்பிகள் ஜீப்பில் ஏறும்வரை முகக்கவசம் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் மருந்து கலக்கும்போது கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்கள்!

நாம் செய்யக்கூடியது

இந்த மலரைப் படிப்பவர்களில் தோட்ட முதலாளிகள் இருக்கிறீர்கள், மருந்துக் கடைக்காரர்கள் இருக்கிறீர்கள், டாக்டர்கள், பஞ்சாயத்துத் தலைவர்கள் இருக்கிறீர்கள். நம்மில் பலர் ஏலக்காய்ப் பணத்தில்தான் படித்தோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதல் குறை என் மேல்தான்.

சங்கத்துக்கு ஒரு சிறு வேண்டுகோள். கோலினெஸ்டரேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. இந்தப் பூச்சிமருந்துகளில் முக்கியமான சில வகைகள் உடம்பில் ஏறியிருந்தால் அது காட்டிக் கொடுக்கும். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால் மருந்தடி சீசனுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வருஷம் ஒரு முகாம் நம் கல்லூரி வளாகத்திலேயே நடத்தலாம். வருகிறவர்களின் அன்றைய கூலியை நாம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் வரமாட்டார்கள், வராததற்கு அவர்களைக் குறை சொல்லவும் கூடாது. மருந்தடித்த சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும், மருந்து கேனை ஆட்களோடு ஒரே ஜீப்பில் ஏற்றக் கூடாது, கைக்கு ரப்பர் உறை என்ற மூன்று வார்த்தையைப் பெண்களிடமும் சொல்ல வேண்டும். சர்க்கார் நோட்டீஸ் வேண்டாம். அவரவர் தோட்டத்தில், அவரவர் வீட்டில், சொந்தக்காரன் வாயால் சொல்ல வேண்டும். கொயினா கற்றுத் தந்த பாடம் அதுதான்.

போன மாதம் இந்தக் கட்டுரையை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிதான். அந்த டெஸ்ட்டை எனக்கு எடுத்துப் பிரயோஜனமில்லை, நான் அடிச்சு முடிச்சாச்சு. எம் மகன் போறான்ல, அவனுக்கு எடு" என்றார். முகாம் நடந்தால் முதல் பெயர் அவனுடையது. எழுதிக் கொள்ளுங்கள்.